இணைச்சீர்ப் படத்தில் அசைந்தது யார்

நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே பொன்மணி ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. பக்கத்தில் சுத்தியல் சத்தம் ஓயாது. எதிரே வெல்டிங் பொறி பறக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே உள்ளே வருவார்கள். "எல்லாச் சிமிட்டலையும் இப்பவே சிமிட்டி முடிச்சிருங்க. உள்ளார வந்தா கண்ணு தொறந்தே இருக்கோணும்" என்பார் ஸ்டுடியோக்காரர் கைலாசம்.

கைலாசம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாவில் ஒரு இழை அறுந்தால் அப்பாவுக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தெருவில் பேச்சு. அந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைத்தார், அந்தக் கண்ணைப் பற்றித்தான் பெருமையும் பட்டார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் இருட்டறை வேலைக்குப் போனார். எழுபதுகளின் நடுவில், ஏற்காட்டு அடிவாரத்தில் சினிமாப் படம் பிடிக்க வந்த கூட்டத்தோடு சேர்ந்து, வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகையைப் பிடித்து நடிகை முகத்தில் வெயிலைத் திருப்பிவிடும் வேலை பார்த்தார்.

அங்கேதான் ஜூம் லென்ஸை முதன்முதலாகப் பார்த்தார். கேமராக்காரர் லென்ஸை முழுதாக நீட்டி, நடிகையின் கண்மை தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் கொண்டுவருவார். அந்தக் கண்ணில் ஃபோகஸ் வைப்பார். பிறகு லென்ஸைப் பின்னுக்கு இழுப்பார். மலை, மரம், நடிகை எல்லாம் சட்டத்துக்குள் வரும். கண் மட்டும் வைத்த இடத்திலேயே பளிச்சென்று நிற்கும். நீட்டு, ஃபோகஸ் வை, இழு, எடு. கைலாசத்துக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. என்றைக்காவது தானும் ஒரு ஜூம் வாங்கி இப்படித்தான் எடுப்பேன் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

முடிச்சு அவிழ எண்பத்து மூன்று ஆயிற்று. அதற்குள் நாமக்கல்லில் ஸ்டுடியோ வைத்து, நல்லம்மாளைக் கட்டி, சுற்றுவட்டாரக் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் "கைலாசத்தைக் கூப்புடு" என்று சொல்லும் அளவுக்குப் பேர் எடுத்திருந்தார். சிங்கப்பூர் போய் வந்த, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்த ஜூம் லென்ஸ் கைக்கு வந்தது. ஒரே வளையம். முன்னும் பின்னும் தள்ளினால் தூரம் கிட்டம் மாறும், திருப்பினால் ஃபோகஸ். தானாகவே ஃபோகஸ் பார்த்துக்கொள்ளும் கேமராகூட வெளிநாட்டில் வரப்போகிறதாம் என்றார் ரிக் வண்டிக்காரர். "தானா பாத்துக்கிச்சுன்னா நாம எதுக்குங்க? எங்கண்ணு பாக்காததையா அது பாக்கும்?" என்று சிரித்தார் கைலாசம்.

அடுத்த தை மாதம், எருமப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்து அப்புசாமிக்குக் கல்யாணம். தங்கை சௌந்திரத்துக்கு முடித்த பிறகுதான் எனக்கு என்று நின்றவர் அப்புசாமி. அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு அப்பனும் அவர்தான். அதனால் அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டுக்குச் சமமாக எல்லோரும் எதிர்பார்த்தது இணைச்சீரை. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் இணையாக நின்று செய்யும் சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கக்கத்தில் இருக்கும், மறு தலைப்பு தங்கை கையில் இருக்கும். அண்ணனுக்குப் பெண்டாட்டி வந்தாலும் இந்த வீட்டில் உன் உரிமை போகாது என்று ஊர் முன்னால் சொல்கிற சீர். சௌந்திரம் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, அண்ணன் பக்கத்தில் நின்றாள். சீரை நடத்திவைக்கும் அருமைக்காரியம்மா அவர்களுக்குப் பின்னால் தட்டோடு நின்றார்.

கைலாசம் ஜூமை எடுத்தார். பந்தல் பெரிது, அவருடைய ஃபிளாஷ் சின்னது. அதனால் லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்தால் ஃபோகஸ் ஒரு முழம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கைலாசம் அதற்குப் பயப்படவில்லை. நீட்டினார். சௌந்திரத்தின் மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தார். அண்ணனும் தங்கையும் முழுதாக விழும்படி இழுத்தார். "அசையாம இருங்க அம்மிணி." எடுத்தார். ஏற்காட்டு வெயிலில் நிற்பதுபோல இருந்தது அவருக்கு.

கலர் ரோல் சேலத்து லேபுக்குப் போய் வந்தது. தாலி கட்டும் படம் கத்திபோல இருந்தது. அப்போது கூட்டம் நெருக்கியதில் அவர் லென்ஸை இழுக்காமல் நீட்டியபடியே எடுத்திருந்தார். இணைச்சீர்ப் படம்தான் கலங்கியிருந்தது. அண்ணன் முகமும் தங்கை முகமும் ஈரத் துணியால் துடைத்த மாதிரி. கைலாசம் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரணம் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. ஆள் அசைந்ததால் வந்த கலங்கல் இல்லை இது. ஃபிளாஷ் வெட்டுகிற நேரத்தில் பறக்கிற ஈகூட நின்றுவிடும். தொழில் செய்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தெரிந்துகொண்டேதான் அந்தப் படத்தை ஆல்பத்தின் நடுவில், எளிதில் கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து ஒட்டினார்.

கண்ணில் படாமல் போகுமா? ஆல்பத்தைக் கொண்டுபோன அன்றைக்கு வீடு நிறைய சொந்தம். புதுப்பெண் வசந்தாமணி கதவோரம் நின்றாள். சௌந்திரமும் வந்திருந்தாள். அப்புசாமியின் பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நடுப்பக்கம் வந்ததும் கை நின்றது.

"ஏப்பா கைலாசம், இதென்ன மார்கழிப் பனியாட்ட இருக்குது? என்ற கண்ணாடிதான் மங்கலா?"

வீடே எட்டிப் பார்த்தது. அப்புசாமி நிமிர்ந்து கைலாசத்தின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடுத்து வரப்போகிற முகூர்த்தங்கள் எல்லாம் கைலாசத்தின் கண்முன் வந்து நின்றன. வாய் தானாகத் திறந்தது.

"அதுங்களா... அம்மிணி கொஞ்சம் அசைஞ்சுட்டாங்க. அந்த நேரத்துல ஒரு நூலு அசைஞ்சாலும் போச்சுங்க."

"அவ என்னைக்கு ஒரு எடத்துல நின்னா? சின்னதுல ஆட்டுக்குட்டியாட்டத் துள்ளிக்கிட்டே கெடப்பா" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். கைலாசமும் சிரித்தார்.

சௌந்திரம் முகம் சிவந்துபோய்க் கைலாசத்திடம் சொன்னாள்: "ஆமாங்ணா. சேல கனம் வேற, காலு மரத்துப் போச்சு. அசைஞ்சிருப்பேன். எம்மேலதான் தப்பு."

அவள் மறுத்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேசிச் சமாளித்திருப்பார், அத்தோடு மறந்தும் போயிருப்பார். செய்யாத தப்பை அவள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டதுதான் வீடு வரைக்கும் கூட வந்தது.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் நல்லம்மாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் லென்ஸை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனார். பாடி கட்டக் காத்திருந்த லாரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வரிசையில் நின்றன. நடு லாரியின் நம்பர் பலகையில் நீட்டி ஃபோகஸ் வைத்தார். இழுத்தார். எடுத்தார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் நடு லாரியின் நம்பர் கரைந்து கிடந்தது. அதற்குப் பின்னால் நின்ற லாரியின் நம்பர் துல்லியமாக இருந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அதே கதை. முதலில் இழுத்துவிட்டு, பிறகு ஃபோகஸ் வைத்து எடுத்தார். நடு லாரி பளிச்சென்று வந்தது.

சினிமாக்காரரின் லென்ஸ் வேறு, இது வேறு. அதில் நீட்டினாலும் இழுத்தாலும் ஃபோகஸ் வைத்த இடத்தை விடாது. இதில் லென்ஸை இழுக்க இழுக்க ஃபோகஸும் நழுவிப் பின்னுக்குப் போய்விடும். கேமராவுக்குள் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத நழுவல். ஓடிப்போய் ஸ்டுடியோவில் இருந்த இணைச்சீர்ப் படப் பிரதியை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அண்ணன், தங்கை இருவரும் ஒரே அளவுக்குக் கலங்கல். பின்னால் நின்ற அருமைக்காரியம்மாவின் தோட்டில் கல் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லோரும் பார்த்த படம்தான். அவர் சொல்லைக் கேட்டுவிட்டுப் பார்த்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

அன்றோடு கைலாசம் வழியை மாற்றிக்கொண்டார். இழு, பிறகு ஃபோகஸ் வை. அதற்கப்புறம் ஒரு படமும் பழுதாகவில்லை. எருமப்பட்டிக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். ஒரு படம்தானே, சிரித்து விட்டுவிட்டார்களே, இதைப் போய்ப் பெரிதாக்குவானேன் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டார்.

அவர் தள்ளிப்போட்ட நேரத்தில் அந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. அப்புசாமி கோழிப்பண்ணை போட நினைத்தார். கிணற்று மேட்டு நிலத்தில் தங்கைக்கும் பங்கு இருந்ததால் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. அவள் புருசன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். கடைசியில் கையெழுத்து வந்தது, பண்ணையும் வந்தது. அந்த இழுபறிக்கு நடுவில் வசந்தாமணி ஒரு நாள் ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாளாம்: "இணைச்சீருக்கே மனசோட நிக்கலையே. படத்துலயே தெரியுது பாருங்க. இவங்களா கையெழுத்துப் போடுவாங்க?" அப்புசாமி அதற்குப் பதில் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு அவர் போவது குறைந்தது, பின்பு நின்றே போயிற்று. தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தபோது பெரியப்பாவைத்தான் அனுப்பினார். பெரியப்பா முட்டை லாரி ஏறப் பட்டறைப் பக்கம் வந்தபோது கைலாசத்திடம் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தப் படம் ஒரு சாக்காப் போச்சப்பா வசந்தாமணிக்கு."

கைலாசம் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

எண்பத்தாறில், வைகாசி வாக்கில், சௌந்திரமே ஸ்டுடியோவுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை.

"ஏனுங்ணா, நல்லா இருக்கறீங்களா? பையனுக்குக் காது குத்து வெச்சிருக்குதுங்க, எங்க கொலதெய்வம் கோயில்ல. நீங்கதான் வரோணும்."

"வாரேனுங்க அம்மிணி." அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேற யாராச்சும்... புதுப் பசங்கெல்லாம் நல்லா எடுக்கறாங்களுங்களே?"

"இல்லீங்ணா. அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தது நீங்கதானுங்க. அண்ணன் மடியில வெச்சுக் குத்தற படம் ஒண்ணு வேணும். தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்தறது? அண்ணன் வருவாரோ மாட்டாரோ தெரியல. வந்தா..." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "வந்தா, இந்தத் தடவை நான் அசையாம நிக்கறனுங்க. நீங்க கவலைப்படாதீங்க."

குழந்தை மேசை மேலிருந்த லென்ஸ் மூடியை எடுத்து வாயில் வைத்தது. அவள் பிடுங்கித் துடைத்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று கைலாசம் வாயெடுத்தார். அவள் பட்டறைத் தகரங்களைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அவளிடம் சொல்வதைவிட அவள் அண்ணனிடம் சொல்வது சுலபம் என்று பட்டது.

அடுத்த நாள் பண்ணைக்குப் போனார். ஜூம் லென்ஸ், பூதக்கண்ணாடி, இணைச்சீர்ப் படம், லாரி வரிசைப் படம் எல்லாம் பையில். அப்புசாமி தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் கோழிகளின் கொக்கரிப்பு.

"வாங்க கைலாசம். காது குத்துக்குச் சொல்லியாச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்க. அதுக்கு முன்னால ஒண்ணு காட்டோணுங்க." படத்தை அப்புசாமி மடியில் வைத்தார், பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "அம்மிணி மொகத்தைப் பாருங்க. கலங்கலுங்களா? இப்ப உங்க மொகத்தைப் பாருங்க."

"அதுவுந்தான் கலங்கலு."

"அம்மிணி அசைஞ்சதால கலங்கிச்சுன்னா, நீங்களும் அசைஞ்சீங்களா?"

அப்புசாமி பூதக்கண்ணாடியை இரண்டு முகத்துக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினார்.

"பின்னால அருமைக்காரியம்மா தோட்டைப் பாருங்க. என்ற லென்ஸு அவங்க மேல போய் நின்னுடுச்சுங்க. நான் அம்மிணி மேலதான் வெச்சேன். இழுக்கயில நழுவிப்போச்சு. அந்த லென்ஸோட கொணமே அதுதான், எனக்கு அப்பத் தெரியல. அம்மிணி கல்லாட்ட நின்னாங்க." லாரிப் படத்தையும் எடுத்து நீட்டினார். அப்புசாமி அதை வாங்கவில்லை.

"அப்பறம் எதுக்கு அவ அசைஞ்சான்னு சொன்னே?"

"பேரு போயிருமின்னுங்க."

"உம்பட பேரு போகக்கூடாது, எம் பொறந்தவ பேரு போலாமா?" அப்புசாமி எழுந்த வேகத்தில் பூதக்கண்ணாடி தீவனத்தில் விழுந்தது. அடிக்கப்போகிறார் என்றே கைலாசம் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அப்புசாமி பண்ணைக் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார்.

"ஒரு படத்தை வெச்சு அவளை ஒதுக்கினேன். கையெழுத்து தாமசமானதுல கோபம். வாய்விட்டுச் சொன்னா அசிங்கம். நீ ஒரு சாக்குக் குடுத்தே, நான் வாங்கிக்கிட்டேன்." திரும்பினார். "அவகிட்டச் சொல்லியாச்சா?"

"இல்லீங்க."

"மொதல்ல அவகிட்டயில்ல போயிருக்கோணும்? போ. போய்ச் சொல்லு."

கைலாசம் போகவில்லை. அண்ணன் சொல்லிவிடுவார் என்று ஒரு பக்கம். கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பக்கம். அப்புசாமியும் சொல்லவில்லை. அவருக்கும் அதே கூச்சம்.

காது குத்தன்று வெயில் ஏறும் முன்பே அப்புசாமி சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். வசந்தாமணி பழத்தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள். சௌந்திரம் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களாண்ணா" என்று இரண்டு தடவை சொன்னாள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, குழந்தை தாய்மாமன் மடிக்குப் போயிற்று. ஆசாரி தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கைலாசம் அன்றைக்கு ஜூமைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. பழைய சாதாரண லென்ஸ், நீட்டவும் இழுக்கவும் முடியாதது. கண்ணை வைத்தார். அண்ணன் தோளுக்குப் பின்னால் சௌந்திரம் நின்றாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. கழுத்து விறைப்பு. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, கொஞ்சம் சிரிங்க. நல்ல நாளும் அதுவுமா..."

உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "சிரிச்சா அசைஞ்சிருங்ணா."

பக்கத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கைலாசம் கேமராவைக் கீழே இறக்கினார்.

"அன்னைக்கு நீங்க அசையலீங்க அம்மிணி." அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "இணைச்சீரன்னைக்கு. தப்பு என்ற லென்ஸுல. அதைவிட என்ற வாயில. ஃபிளாஷுல யாரு அசைஞ்சாலும் படம் கலங்காதுங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் உங்க மேல பழியைப் போட்டேன்."

சிரிப்பு அடங்கியது. வசந்தாமணி கையிலிருந்த பழத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சௌந்திரம் முதலில் அண்ணனைப் பார்த்தாள். அப்புசாமி குழந்தையின் காது மடலைத் தடவியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"போன வாரம் போய்ச் சொன்னேனுங்க."

"ஓ." அவள் கண் குழந்தைமேல் போய் நின்றது. "சொந்த அண்ணன் கல்யாணத்துலயே நிக்கத் தெரியாதவள்னு மாமியாரு ஊட்லயும் சொன்னாங்க. நானும் ஆமான்னேன். எத்தனை நாள் படுக்கையில கெடந்து யோசிச்சிருப்பேன், எந்தக் காலு அசைஞ்சுதுன்னு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கைலாசம் தாங்கியிருப்பார். "அண்ணங்கிட்டச் சொன்னவரு, பழி போட்டது எம்மேலதானுங்களே, எங்கிட்ட வரத் தெரியலையா உங்களுக்கு?"

அவள் பாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு. படத்தை எடுங்க."

அப்புசாமி குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையைப் பின்னால் நீட்டித் தங்கையின் முந்தானைத் தலைப்பைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கம்பி இறங்கியது, குழந்தை வீறிட்டது, கைலாசம் எடுத்தார்.

அந்த ஆல்பத்தை நல்லம்மாள் கையில்தான் கொடுத்தனுப்பினார். சௌந்திரம் வாங்கி வைத்துக்கொண்டாளாம், குறை ஒன்றும் சொல்லவில்லையாம். அதற்கப்புறம் அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் கைலாசத்தைக் கூப்பிடவில்லை. அப்புசாமி மட்டும் கூப்பிட்டார்.

நல்ல படம் வந்தால் ஒரு பிரதியை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது ஸ்டுடியோ வழக்கம். அந்தக் காது குத்துப் படம்போல் துல்லியமாக இன்னொன்று கைலாசம் எடுத்ததில்லை. கம்பியின் நுனி, குழந்தையின் கன்னத்தில் உருண்ட நீர், முந்தானையைப் பிடித்த அப்புசாமியின் விரல் நகம் எல்லாம் தெரிந்தன. பாயைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் குழந்தையின் காதைப் பார்க்கிறார்கள். சௌந்திரம் ஒருத்தி மட்டும் நேராக லென்ஸைப் பார்க்கிறாள். இமை முடி எண்ணலாம், அவ்வளவு சுத்தம்.

அதைப் பெட்டியில் வைக்கவில்லை. மேசை டிராயரில், ஜூம் லென்ஸுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.